பழைய மாருதிக்கு எந்த ஆயில்? முதலில் குச்சியை முகர்ந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1997-ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது. கார்ப்பரேட்டர் மாடல். 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், திண்டுக்கல்லில் குடியிருக்கிறேன். மகள் வீடு கொடைக்கானலில் என்பதால் மாதம் இரண்டு தடவை வத்தலக்குண்டு வழியாக மலையேறுவேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நீலப்புகை வந்து நின்றுவிடும். மலை இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடித்தால் பின்னால் புகை தெரிகிறது என்று பேரன் சொல்கிறான். ஆயிரம் கி.மீ.க்கு அரை லிட்டர் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஆச்சரியமாக ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. ஆனால் அதே மாதம்தான் பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் விட்டிருந்தபோது ஆயில் விளக்கு மினுக்கியது. ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டால் அணைந்துவிடுகிறது. மைலேஜும் 16-இல் இருந்து 13-க்கு வந்துவிட்டது. 'வண்டிக்கு வயசாச்சு, 20டபிள்யூ-50 ஊத்துங்க' என்கிறார் மெக்கானிக். பெங்களூரில் இருக்கும் மகன், தன் புதுக் காருக்கு ஊற்றும் 0டபிள்யூ-20 ஃபுல் சிந்தெடிக்கை ஊற்றினால் மைலேஜ் திரும்பி வரும் என்கிறான். ஆயில் கடைக்காரரோ 15டபிள்யூ-40 டீசல் ஆயிலை எடுத்து நீட்டுகிறார். வண்டியின் கையேடு தொலைந்துவிட்டது. பாகுநிலை, அதாவது திரவத்தின் கெட்டித்தன்மை பற்றிப் பாடம் நடத்தியவன்தான்; ஆனாலும் இந்த எண்களுக்கு முன்னால் குழம்பி நிற்கிறேன். எதை ஊற்ற?

பதில்:

சார், கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டிக்கு 20டபிள்யூ-40. அந்தக் காலத்து மாருதி 800-க்கு நம் ஊர் வெயிலில் வழக்கமாக ஊற்றி வந்தது அதுதான். இன்றைக்கும் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இன்றைக்கே போய் ஊற்றிவிடாதீர்கள். கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது கண்ணில் பட்டது ஆயில் கிரேடு அல்ல. 'ஆச்சரியமாக ஒரு சொட்டுகூடக் குறையவில்லை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

வருஷக்கணக்கில் ஆயில் குடித்துக்கொண்டிருந்த இன்ஜின், யாரும் கை வைக்காமல் தானாக அந்தப் பழக்கத்தை விட்டுவிடாது. அதே மாதம் விளக்கு மினுக்குகிறது, மைலேஜ் மூன்று கிலோமீட்டர் இறங்குகிறது. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு வரும் முதல் சந்தேகம், ஆயில் எப்போதும் போலக் குறைந்துகொண்டுதான் இருக்கிறது, குறைந்த இடத்தைப் பெட்ரோல் வந்து நிரப்புகிறது என்பதுதான். ஆயில் அளக்கும் குச்சியில் மட்டம் அப்படியே நிற்கும். உள்ளே இருக்கும் சரக்குதான் மாறிக்கொண்டே வரும்.

கணக்கு வாத்தியார்கள் உங்கள் பக்கத்து அறையில் இருந்திருப்பார்கள், இருந்தாலும் நானே போட்டுக் காட்டுகிறேன். உங்கள் ஓட்டம் மாதத்துக்கு ஏறக்குறைய ஐந்நூறு கி.மீ. என்று வைத்துக்கொண்டால் கால் லிட்டர் ஆயில் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் குறைந்தது கால் லிட்டர் பெட்ரோல் உள்ளே நிற்கிறது. அந்த இன்ஜினின் மொத்த ஆயிலே மூன்று லிட்டருக்குள்தான். ஆக நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு பெட்ரோல். ஐந்து பங்கு கலந்தாலே 40 கிரேடு ஆயில் 30 கிரேடு அளவுக்கு இளகிவிடக்கூடும். எட்டு, ஒன்பது என்றால் அதற்கும் கீழே. உங்கள் மகன் சொன்ன 20-ஐ, ஒரு பைசா செலவில்லாமல் உங்கள் வண்டி ஏற்கெனவே உள்ளேயே தயாரித்து வைத்திருக்கிறது போலும். இளகிய ஆயிலில் பிரஷர் நிற்காது; விளக்கு மினுக்குவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இது வெறும் ஊகமா, உண்மையா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். பழைய ஆயிலில் லேசாகப் பெட்ரோல் வாசனை வருவது சகஜம். மூக்கைத் துளைத்தால் சகஜமில்லை. குச்சியின் முனையில் இருக்கும் சொட்டை ஒரு டிஷ்யூ தாளில் விட்டு அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். கருத்த பொட்டைச் சுற்றி வெளிறிய ஈர வளையம் அகலமாகப் பரவியிருந்தால் பெட்ரோல் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். தாள் சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். மூக்கும் தாளும் ஒன்றையே சொன்னால் நம்பலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: முகரும்போது பக்கத்தில் பீடி, சிகரெட், ஊதுபத்தி எதுவும் இருக்கக் கூடாது. வாசனை உறுதியானால் அந்த ஆயிலோடு வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் என்பது தேய்மானத்தோடு நிற்கும் விஷயமல்ல, தீப்பிடிக்கும் விஷயம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

பெட்ரோல் எந்த வழியாக வரும்? கார்ப்பரேட்டர் மாருதியில் பெட்ரோல் பம்ப் கரண்டில் ஓடுவதல்ல. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டோடு சேர்த்துப் பூட்டியிருக்கும். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் சுற்றும்போது பம்பின் கையைத் தள்ளும், உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் ஏறி இறங்கி டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து, அதைக் காற்றோடு கலந்து தரும் கார்ப்பரேட்டருக்கு அனுப்பும். டயாஃப்ரத்துக்கு ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் இன்ஜின். ரப்பர் வெடித்தாலோ கிழிந்தாலோ பெட்ரோல் நேரே ஹெட்டுக்குள் இறங்கி, அங்கிருந்து அடியில் ஆயில் தேங்கும் சேம்பருக்குப் போய்விடும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது என்பதால் பல பேர் கண்டுபிடிக்க மாட்டார்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் நாம் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1997-இல் செய்த ரப்பருக்கு இந்தச் சேர்மானம் பழக்கமில்லாதது. டயாஃப்ரம், ஹோஸ், கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் சின்னச் சின்ன ரப்பர் சாமான்கள் எல்லாமே சீக்கிரம் உப்பியோ விறைத்தோ போகின்றன. பழைய கார்ப்பரேட்டர் வண்டி வைத்திருக்கும் எல்லோருமே, பழுது வருவதற்காகக் காத்திராமல் இந்த ரப்பர்களை ஒருமுறை மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது.

பம்ப் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் கார்ப்பரேட்டர். மிதவை ஊசி சரியாக உட்காராமல் பெட்ரோல் வழிவது, சோக் முழுதாகத் திறக்காமல் பாதியில் நிற்பது, இரண்டுமே சிலிண்டருக்குள் தேவைக்கு மேல் பெட்ரோலை அனுப்பும். எரியாதது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றிப் பார்த்தால் கரிப்பொடி படிந்து கறுப்பாக இருக்கும். மைலேஜ் 13-க்கு இறங்கியதற்கு இந்த இரண்டு வழிகளில் ஒன்று பெரும்பாலும் பதில் சொல்லும். மைலேஜைத் திருப்பிக்கொண்டு வரப்போவது ஆயில் அல்ல.

இனி எண்களுக்கு வருவோம்.

எஸ்ஏஇ என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்த அளவு இது. கேனில் இருக்கும் இரண்டு எண்களும் இரண்டு தனித்தனிச் சோதனைகளின் முடிவு. டபிள்யூ ஒட்டிய முதல் எண் குளிருக்கு. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியில் இன்ஜினின் கிராங்க் தண்டு சுழலும் அளவுக்கும், மைனஸ் 20-இல் பம்ப் உறிஞ்சும் அளவுக்கும் அந்த ஆயில் இளக்கமாக இருக்கும். 0டபிள்யூ என்றால் கிராங்க் சோதனையே மைனஸ் 35 டிகிரியில். கொடைக்கானலில் தை மாதத்து விடியலில் புல்வெளியில் உறைபனி படியும், உண்மைதான். அந்தக் குளிரைக்கூட 20டபிள்யூ சிரமமில்லாமல் தாண்டிவிடும். திண்டுக்கல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக நம் பக்கத்தில் முதல் எண்ணுக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது எண்தான் முக்கியம். அது 100 டிகிரி சூட்டில், அதாவது ஓடிச் சூடேறிய இன்ஜினுக்குள், ஆயிலின் பாகுநிலை எந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வது. சென்டிஸ்டோக்ஸ் என்ற பாகுநிலை அலகில் 20 கிரேடு 6.9-இல் தொடங்கி 9.3 வரை, 30 கிரேடு 12.5 வரை, 40 கிரேடு 16.3 வரை; 50 கிரேடு 21.9 வரை. ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும். இதில் கவனிக்க வேண்டியது, ஒரே கிரேடுக்குள்ளேயே இடைவெளி எவ்வளவு பெரிது என்பது. ஒரு கம்பெனியின் 40 பதிமூன்றில் இருக்கலாம், இன்னொன்றின் 40 பதினாறில் இருக்கலாம். கேனின் முகப்பில் இரண்டும் 20டபிள்யூ-40 என்றுதான் இருக்கும்.

நீங்கள் இயற்பியல் வாத்தியார் என்பதால் இன்னொரு சோதனையையும் சொல்லத் தோன்றுகிறது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே மயிரிழை இடைவெளியில் ஆயில் நசுங்கி ஓடும்போது படும் பாடு, சும்மா குழாயில் வழியும்போது படும் பாடு அல்ல. அதனால் 150 டிகிரி சூட்டில், வேகமாக உரசவிட்டும் அளக்கிறார்கள். 20 கிரேடுக்கு அங்கே குறைந்தபட்சம் 2.6 மில்லிபாஸ்கல் விநாடி. 20டபிள்யூ-40-க்கு 3.7. சரி, 20டபிள்யூ-50-க்கு எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதே 3.7 தான். கேனுக்குள் இருக்கும் 50 பொதுவாகக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும், மறுக்கவில்லை. ஆனால் விதி கேட்கும் குறைந்தபட்சம் இரண்டுக்கும் ஒன்றே. நாற்பதிலிருந்து ஐம்பதுக்குப் போனால் பேரிங்குக்குக் கவசம் மாட்டிவிட்டது போல நினைக்கிறோம். அவ்வளவு பெரிய தாவல் அல்ல அது. நாற்பதிலிருந்து இருபதுக்கு இறங்குவதுதான் பெரிய சரிவு.

இந்த வெளிச்சத்தில் உங்களுக்குக் கிடைத்த மூன்று யோசனைகளையும் பார்ப்போம்.

உங்கள் மெக்கானிக் சொன்னது பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் ஆயில் சீக்கிரம் வழிந்துவிடும், பிரஷர் இறங்கும். கெட்டியான ஆயில் மெதுவாக வழியும், பிரஷர் நிற்கும். கண்ணுக்கு முன்னால் விளக்கு அணைந்துவிடும், வாடிக்கையாளர் திருப்தியாகப் போவார். உங்கள் வண்டியில் அவர் சொன்னபடி செய்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். புது ஆயில் மாற்றியதுமே விளக்கு அணையும். ஐம்பது என்பதால் அல்ல, பெட்ரோல் கலந்த ஆயில் வெளியே போனதால். பம்ப் கிழிந்தது கிழிந்தபடியே இருக்கும். ஐம்பது கொஞ்சம் கொஞ்சமாக நாற்பதாகும், முப்பதாகும். நாற்பது ஊற்றியிருந்தால் ஒரு மாதத்தில் மறுபடி மினுக்கி எச்சரித்திருக்கும் விளக்கு, ஐம்பது ஊற்றியதால் இரண்டு, மூன்று மாதம் சும்மா இருக்கும். அந்த மூன்று மாதமும் கேம், வால்வைத் தள்ளும் ராக்கர், பேரிங் எல்லாம் பெட்ரோல் கலந்த ஆயிலில் ஓடும். அதுதான் எனக்குக் கவலை. ஐம்பது ஆயிலால் இன்ஜின் கெட்டுப்போகும் என்று நான் சொல்லவில்லை; அது பழுதை மூடி வைக்கும் என்கிறேன்.

கெட்டி ஆயிலுக்கு வேறு சில செலவுகளும் உண்டு. காலை ஸ்டார்ட்டில் விளக்கெண்ணெய் போல் கிடக்கும் ஆயில், ஹெட்டின் மேல் இருக்கும் ராக்கர் வரை ஏறக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். இன்ஜின் தேய்மானத்தில் கணிசமான பங்கு நடப்பது அந்த முதல் சில விநாடிகளில்தான். அப்போது பிரஷர் அதிகமாகக் காட்டும், அதை நம்பி ஏமாறக் கூடாது. பிரஷர் ஒரு அளவைத் தாண்டினால் ரிலீஃப் வால்வு திறந்து மிச்ச ஆயிலை சேம்பருக்கே திருப்பிவிடும். பிரஷர் அதிகம் என்பதற்கும் ஆயில் நிறையப் போகிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

மகன் சொன்ன 0டபிள்யூ-20 நல்ல ஆயில்தான், அவர் காருக்கு. அந்த இன்ஜினின் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், ரிங் எல்லாமே இளகின ஆயிலை மனதில் வைத்துத் தீர்மானித்தவை. உங்கள் இன்ஜின் 1980-களின் வடிவமைப்பு. 796 சிசி, மூன்று சிலிண்டர், சுமை ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் அதிக ஆர்பிஎம்மில் வெகுநேரம் கத்திக்கொண்டே போகும் இன்ஜின். வத்தலக்குண்டு தாண்டிக் காட்ரோட்டில் இரண்டாவது கியரில் ஏறும்போது ஆயில் சூடு சமவெளியில் இருப்பதைவிட நன்றாக ஏறும். அங்கே 20 கிரேடு வேண்டாம். பலர் முதல் எண்ணான பூஜ்யத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியது பின்னால் இருக்கும் இருபதைப் பார்த்து. சிந்தெடிக் என்பதற்காக நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 5டபிள்யூ-40 சிந்தெடிக்கோ 10டபிள்யூ-40 செமி சிந்தெடிக்கோ உங்கள் இன்ஜினுக்குத் தாராளமாகப் போகும். ஆனால் ஆயிரம் கி.மீ.க்கு அரை லிட்டர் புகையாகப் போகும் வண்டியில் விலை கூடின ஆயிலை ஊற்றுவது உங்கள் பென்ஷனுக்கு நல்லதல்ல.

ஆயில் கடைக்காரர் நீட்டிய 15டபிள்யூ-40 மூன்றில் தவறு குறைந்த யோசனை என்பேன். சூட்டில் அதுவும் நாற்பதுதான். டீசல் ஆயிலில் கரியைக் கழுவும் மருந்துகள் கூடுதலாக இருக்கும். கேனின் பின்புறம் ஏபிஐ வரியில் (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தர எழுத்துகள் இருக்கும் வரி) சிஐ-4, சிஎச்-4 போன்ற டீசல் எழுத்துகளோடு எஸ்எல் மாதிரி 'எஸ்'ஸில் தொடங்கும் பெட்ரோல் எழுத்தும் இருந்தால், அவசரத்துக்கு ஊற்றலாம். 'சி' மட்டும்தான் இருக்கிறதென்றால் வைத்துவிட்டு வாருங்கள். வருஷக்கணக்கில் ஆயில் மாற்றாமல் உள்ளே கசடு கட்டிப்போன இன்ஜின்களில் இதைத் திடீரென்று ஊற்ற நான் யோசிப்பேன். பெயர்ந்து வரும் கசடு, ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெயினரை அடைத்துவிடலாம். நீங்கள் ஒழுங்காக மாற்றி வந்திருக்கிறீர்கள் என்றால் அந்தப் பயம் இல்லை.

அடுத்தது புகை. இது பெட்ரோல் கதையோடு சம்பந்தமில்லாத இன்னொரு பழுது, பயப்படும்படியானதும் அல்ல. காலை ஸ்டார்ட்டில் வந்து நின்றுவிடும் புகை, மலை இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடித்தால் வரும் புகை, இரண்டுமே வால்வு தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பரான வால்வ் சீலைத்தான் காட்டுகின்றன. இரவில் ஹெட்டில் நின்ற ஆயில் விறைத்துப்போன சீலைத் தாண்டிச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கும், காலையில் எரியும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு கியரில் வரும்போது இன்ஜின் காற்றுக்குத் தவித்துக் கடுமையாக உறிஞ்சும், அந்த உறிஞ்சலில் வால்வு தண்டு வழியாக ஆயிலும் உள்ளே போகும். மறுபடி மிதித்ததும் நீலமாக வெளியே வரும். உங்கள் பேரன் பார்த்துச் சொன்னது மெக்கானிக்குக்கூடச் சட்டென்று தெரியாத நல்ல தடயம். ரிங் தேய்ந்திருந்தால் மேடு ஏறும்போது, மிதித்துக்கொண்டிருக்கும் நேரம் முழுக்கப் புகை தள்ளும். அப்படி நீங்கள் எழுதவில்லை.

சீல் மொத்தம் ஆறு. சாமான் விலை சொற்பம், கூலிதான் செலவு. ஹெட்டை இறக்காமலேயே மாற்றலாம்: பிளக் ஓட்டை வழியாகச் சிலிண்டருக்குள் காற்றை அடைத்தோ, மெல்லிய கயிற்றைத் திணித்துப் பிஸ்டனை மேலே கொண்டுவந்தோ வால்வு கீழே விழாமல் தாங்கிக்கொண்டு வேலை செய்வார்கள். உங்கள் மெக்கானிக்குக்கு இந்த முறை தெரிந்திருக்கும். அதற்கு முன்னால், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அது அடைத்தாலும் ஆயில் போகும். சிலிண்டருக்குள் காற்று நசுங்கும் அழுத்தமான கம்ப்ரஷனையும் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. எந்தச் சிலிண்டராவது குறைவாகக் காட்டினால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ஐம்பது ஆயில் ஊற்றினால் புகை ஓரளவு குறையும் என்பது நிஜம்தான். விறைத்த ரப்பர் இளகிவிடாது.

ஆயில் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கடையில் போய் '20டபிள்யூ-40 குடுங்க' என்று மட்டும் கேட்டால், பத்தில் எட்டுக் கடையில் பைக் ஆயில் டப்பாவை எடுத்து வைப்பார்கள். 4டி என்றும் ஜாசோ எம்ஏ என்றும் போட்டிருக்கும். அது ஆயிலில் மூழ்கி ஓடும் பைக் கிளட்ச் வழுக்காமல் இருக்கச் செய்தது. ஒருமுறை ஊற்றிவிட்டால் கார் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் கார் ஆயில் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இதைப் படிக்கும் பைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: காருக்கு வாங்கியதில் மிஞ்சியதைப் பைக்கில் ஊற்றிவிடாதீர்கள், கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடலாம்.

ஏபிஐ எழுத்தில் உங்கள் வண்டிக்குக் கட்டுப்பாடு அதிகம் இல்லை. உங்கள் கார் வந்த காலத்தில் எஸ்ஜே புதிது. எஸ்எல், எஸ்எம், எஸ்என் என்று பின்னால் வந்த எது கிடைத்தாலும் போதும். புது எழுத்துகளில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் மருந்தைக் குறைத்துவிட்டார்கள், பழைய இன்ஜினுக்கு ஆகாது என்று இணையத்தில் ஒரு பயம் சுற்றுகிறது. அதில் பாதிதான் உண்மை. பாஸ்பரஸுக்கு 0.08 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது எரிபொருள் சிக்கனத்துக்கான 20, 30 கிரேடு ஆயில்களுக்கு. 20டபிள்யூ-40-ஐ அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. நாற்பதோடு நிற்பதற்கு இதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளலாம்.

போலி கேன்கள் சந்தையில் இருப்பதால் பெட்ரோல் பங்க்கிலோ கம்பெனி டீலரிடமோ வாங்குங்கள். காலி கேனை ஓட்டை போட்டுவிட்டுத் தூக்கிப் போடுங்கள். ஃபில்டரைச் சேர்த்தே மாற்றுங்கள். வாங்கியதை முழுவதும் கவிழ்க்க வேண்டாம். சமதரையில் நிறுத்தி, குச்சியில் மேல் கோட்டைத் தாண்டாமல் ஊற்றினால் போதும். உங்கள் ஓட்டம் மாதம் ஐந்நூறு கி.மீ. என்பதால் கி.மீ. கணக்கு பார்க்காதீர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் பம்ப், கார்ப்பரேட்டர். அது சரியானபின் பழைய ஆயிலை முழுதாக இறக்கி, புது ஃபில்டரோடு 20டபிள்யூ-40. ஆயிலை முதலில் மாற்றிவிட்டுப் பம்பை அப்புறம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், புது ஆயிலும் வீண். இறக்கிய ஆயிலில் பெட்ரோல் இருக்கும். கொல்லைப்புறக் கட்டைக்கும் கேட்டின் கீலுக்கும் பூசலாம் என்று எடுத்து வைக்க வேண்டாம், சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். பட்டறையில் பழைய ஆயில் எடுக்க வருபவரிடமே போகட்டும்.

ஆயில் மாற்றும் அன்றே, ஆயில் விளக்குக்கான ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் முள் கேஜ் மாட்டி பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். கார்களில் அந்த ஸ்விட்ச் பொதுவாக சதுர சென்டிமீட்டருக்கு 0.2, 0.5 கிலோ அளவுக்கு பிரஷர் விழுந்தபின்தான் விளக்கை எரிய வைக்கும். அதாவது விளக்கு எரியும்போது நிலைமை ஏற்கெனவே மோசம். விளக்கு எரியவில்லை என்பதால் பிரஷர் நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. பழைய ஸ்விட்ச் பொய்யும் சொல்லும். இன்ஜின் நன்றாகச் சூடேறியபின், ஐட்லிங்கில் ஒன்று, 3,000 ஆர்பிஎம்மில் ஒன்று என இரண்டு அளவு எடுத்தால் போதும். ஆயிரம் ஆர்பிஎம்முக்குக் குறைந்தது 0.7 கிலோ என்பது பட்டறைக் கணக்கு. அது நிற்கிறதென்றால் உங்கள் பேரிங் இன்னும் நன்றாக இருக்கிறது, நாற்பதிலேயே நிம்மதியாக ஓட்டுங்கள்.

அதுவரை மகளைப் பார்க்கத் திண்டுக்கல்லில் இருந்து கொடைக்கானல் பஸ்ஸில் போய் வாருங்கள். பம்பும் சரி, ஆயிலும் புதிது, அப்புறமும் பெருமாள்மலையில் விளக்கு மினுக்குகிறது என்றால் கேஜ் காட்டிய இரண்டு எண்களோடு மறுபடி எழுதுங்கள். ஸ்ட்ரெயினர் அடைப்பு, ஆயில் பம்ப் தேய்மானம், பேரிங் என்று வரிசையாகப் பார்ப்போம். பேரிங்தான், இன்ஜின் வேலைக்கு இப்போது பணமில்லை, இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஓட்டினால் போதும் என்று நீங்கள் சொன்னால், அன்றைக்கு உங்கள் மெக்கானிக் சொன்ன 20டபிள்யூ-50-க்கு நானே சரி சொல்வேன்.